அன்னை தெரேசாவின் இதயமும் முதியோருக்கான ஒரு சிறு கருவியும்

முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தால் அதனை முதுமையின் கணக்கிலேயே எழுதிவிடுவது நம் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மூதாட்டி ஒருவர் தலைசுற்றிச் சாய்ந்தால் அது விரதக் களைப்பு என்கிறோம். கல்முனையிலோ நிந்தவூரிலோ நோன்பு காலத்தில் பெரியவர் ஒருவர் நினைவிழந்தால் நோன்பின் அசதி என்கிறோம். வயல் வரம்பில் விழுந்தவருக்கு வெயில் காரணமாகிவிடுகின்றது. சோடாவும் இனிப்பும் கொடுத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டால் அன்றைய கதை முடிந்துவிடுகின்றது. பல வேளைகளில் அந்தக் காரணங்கள் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அவ்வாறு விழுபவர்களில் ஒரு சாராரின் இதயம் போதிய வேகத்தில் துடிக்காமையே உண்மைக் காரணம் என்பதும், அதற்கு நம்பகமான சிகிச்சை உண்டு என்பதும் இன்னமும் பலரைச் சென்றடையவில்லை.

இதனை விளங்கிக்கொள்வதற்கு உலகறிந்த ஒரு மூதாட்டியின் வாழ்க்கை பெரிதும் துணைபுரியும். 79 ஆவது வயதில் இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவியொன்றை மார்பில் பொருத்திக்கொண்டு, அதன் பின்னரும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உலகெங்கும் பயணித்துப் பணியாற்றியவர் அவர். அவர்தான் அன்னை தெரேசா. அவரது தொண்டைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அத்தொண்டின் இறுதிக் காலத்தைத் தாங்கி நின்ற அவரது இதயத்தைப் பற்றிப் பேசப்பட்டது குறைவே.

ஆக்னஸ் கோன்ஜா பொயாஜியு என்பது அவரது இயற்பெயர். 1910 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 ஆம் திகதி, அப்போது ஒட்டோமன் பேரரசின் ஆட்சியில் இருந்த ஸ்கொப்ஜே நகரில் அல்பேனியக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அந்நகர் இன்று வட மசிடோனியாவின் தலைநகராகும். 1919 இல் தந்தை நிக்கோலா இறந்ததன் பின்னர் தாயார் டிரானா கைத்தொழில் செய்து பிள்ளைகளை வளர்த்தார். 1928 இல், 18 வயதில், லொரேட்டோ சபையில் சேர்வதற்காக அவர் அயர்லாந்துக்குப் புறப்பட்டார். அன்று பிரிந்த தாயை அவர் பின்னர் ஒருபோதும் காணவில்லை.

அயர்லாந்தில் சில வாரங்கள் தங்கியிருந்த அவர், அவ்வாண்டின் இறுதியில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அக்கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் தரித்து, சென்னை வழியாகக் கல்கத்தா சென்றது. கீழைத்தேய வாழ்வை அவர் முதன்முதலில் கண்டது நமது தீவின் கரையில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. 1929 ஜனவரியில் கல்கத்தாவை அடைந்த அவர், டார்ஜீலிங்கில் பயிற்சி பெற்று 1931 இல் முதல் வார்த்தைப்பாடு எடுத்தார். பின்னர் கல்கத்தாவின் என்டாலி பகுதியிலுள்ள புனித மரியாள் பாடசாலையில் ஆசிரியையாகவும், 1944 முதல் அதன் அதிபராகவும் கடமையாற்றினார்.

1943 இன் வங்காளப் பஞ்சமும் 1946 ஆகஸ்டில் கல்கத்தாவில் இடம்பெற்ற இனவன்முறையும் பாடசாலை மதிலுக்கு அப்பாலிருந்த துயரத்தை அவருக்குக் காட்டின. 1946 செப்டெம்பர் 10 ஆம் திகதி டார்ஜீலிங் செல்லும் புகையிரதத்தில் வறியவர்களோடு வாழவேண்டும் என்ற தீர்மானத்துக்கு அவர் வந்தார். 1948 இல் நீலக்கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலையை உடுத்துக்கொண்டு மடத்தைவிட்டு வெளியேறினார். வெளியேறியதும் அவர் முதலில் சென்ற இடம் பாட்னா நகரம். மருத்துவப் பணி புரியும் அருட்சகோதரிகளிடம் அங்கு அடிப்படைத் தாதியப் பயிற்சி பெற்ற பின்னரே கல்கத்தாவின் சேரிகளுக்குள் அவர் நுழைந்தார். வெறும் இரக்கம் போதாது, செய்முறை அறிவும் வேண்டும் என்பதை அவர் ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார் என்பதற்கு இது சான்றாகும்.

1950 ஒக்டோபர் 7 ஆம் திகதி அவரது சபை அங்கீகாரம் பெற்றது. 1952 இல் காளிகட்டில், காளி கோவிலை அடுத்திருந்த கட்டடமொன்றைக் கல்கத்தா மாநகராட்சி வழங்க, தெருவில் இறந்துகொண்டிருந்தவர்களுக்கான நிர்மல் ஹிருதய் இல்லம் தொடங்கியது. அச்சொற்றொடரின் பொருள் தூய இதயம் என்பதாகும். தொழுநோயாளருக்கும் அநாதைச் சிறார்களுக்கும் இல்லங்கள் தொடர்ந்தன. 1965 இல் வெனிசுவேலாவில் முதலாவது வெளிநாட்டு இல்லம் அமைந்தது. இலங்கையும் பின்னர் அப்பணியின் பரப்புக்குள் வந்தது. 1979 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் 1980 இல் பாரத ரத்னா விருதும் அவரைத் தேடி வந்தன. 1982 இல் முற்றுகையிடப்பட்டிருந்த பெய்ரூட் நகருக்குள் சென்று, வைத்தியசாலையொன்றில் சிக்கியிருந்த சிறார்களை மீட்டபோது அவருக்கு வயது 71.

அடுத்த ஆண்டே அவரது இதயம் முதல் எச்சரிக்கையை விடுத்தது. 1983 இல் ரோம் நகரில் தங்கியிருந்தவேளை அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. சிகிச்சை பெற்றுத் திரும்பியவர் ஓய்வெடுக்கவில்லை. எத்தியோப்பியாவின் பஞ்சம், நியூயோர்க்கில் எயிட்ஸ் நோயாளர்களுக்கான இல்லம், ஆர்மேனியாவின் பூகம்பம் என அவரது பயணங்கள் நீண்டன.

1989 அவரது வாழ்வின் உருக்கமான ஆண்டுகளில் ஒன்று. தாயும் சகோதரியும் அல்பேனியாவின் டிரானா நகரில் 1970களின் முற்பகுதியில் இறந்திருந்தனர். அங்கிருந்த ஆட்சி அவர்கள் வெளியேறவும் இவர் உள்ளே செல்லவும் அனுமதித்திருக்கவில்லை. 1989 ஆகஸ்டில்தான் தாயின் கல்லறையில் நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கல்கத்தா திரும்பிய அவர் செப்டெம்பரில் கடும் இதய நோயுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். முதலில் தற்காலிகமான துடிப்புச் சீராக்கி ஒன்று இணைக்கப்பட்டது. டிசம்பரில் நிரந்தரமான பேஸ்மேக்கர் கருவி அவரது உடலில் பொருத்தப்பட்டது.

இக்கருவி என்ன செய்கின்றது என்பதை இங்கு சற்று விளக்குவது பொருத்தமாகும். இதயத்தின் வலது மேலறையில் சிறு கலத்திரள் ஒன்று இயற்கையான மின்விசைப் பொறியாக அமைந்துள்ளது. அதிலிருந்து எழும் மெல்லிய மின் அலை மேலறைகளைச் சுருக்கி, நடுவிலுள்ள இடைநிலைக் கணுவொன்றின் ஊடாகக் கீழறைகளுக்குச் செல்கின்றது. ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை இது நிகழ்கின்றது. வயது ஏற ஏற இந்தப் பொறியும் அதன் மின்பாதையும் நார்த்தன்மை அடைந்து தளர்வது உண்டு. பொறி தளர்ந்தால் அலை மெதுவாக எழும், அல்லது சில விநாடிகளுக்கு எழாமலே போகும். பாதை பழுதடைந்தால் மேலறையின் கட்டளை கீழறைக்குச் சென்று சேராது. மாரடைப்பும் இப்பாதையைப் பாதிக்க வல்லது. இரண்டு நிலைகளிலும் மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து தலைசுற்றல், திடீர் மயக்கம், மூச்சிரைப்பு, காரணமற்ற களைப்பு, சில முதியவர்களில் மனக்குழப்பம் ஆகியன தோன்றுகின்றன.

பேஸ்மேக்கர் என்பது சிறு தீப்பெட்டியிலும் மெல்லிய உலோகப் பேழை. அதனுள் ஒரு மின்கலமும் நுண்மின் சுற்றும் உள்ளன. பெரும்பாலும் காறையெலும்புக்குக் கீழே தோலடியில் அது வைக்கப்படுகின்றது. அதிலிருந்து செல்லும் மெல்லிய கம்பி நாளத்தின் வழியாக இதய அறையை அடைகின்றது. இதயம் தானாகத் துடிக்கும்வரை கருவி கவனித்துக்கொண்டிருக்கும். குறித்த நேரத்துக்குள் துடிப்பு வராவிட்டால் மட்டும் சிறு மின்தூண்டலை அனுப்பும். நெஞ்சைப் பிளக்கும் சத்திரசிகிச்சை இதற்குத் தேவையில்லை. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலங்களில் முடித்துவிடக்கூடியதாகையால், வயது முதிர்ந்தவர்களும் இதனைத் தாங்கிக்கொள்வர். எண்பது வயதில் இதெல்லாம் எதற்கு என்று குடும்பத்தவர் தயங்கும் சந்தர்ப்பங்களில் இந்த உண்மை நினைவிற்கொள்ளப்பட வேண்டும்.

இந்தக் கருவி மனித உடலுக்குள் முதன்முதலில் வைக்கப்பட்டது 1958 ஒக்டோபர் 8 ஆம் திகதி சுவீடனில் ஆகும். ஆர்னே லார்சன் என்பவர் இதயத்தின் மின்பாதை தடைப்பட்டு நாளொன்றுக்குப் பல தடவைகள் நினைவிழந்துகொண்டிருந்தார். அவரது மனைவி எல்ஸ் மரியா விடாது வற்புறுத்தியதன் பேரில் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்ட் கருவியைச் செய்ய, சத்திரசிகிச்சை நிபுணர் ஓகே செனிங் அதனைப் பொருத்தினார். முதற் கருவி சில மணித்தியாலங்களிலேயே செயலிழந்தது. மாற்றுக் கருவி உடனே வைக்கப்பட்டது. வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன், தமக்கு உயிர் கொடுத்த அவ்விருவரும் மறைந்த பின்னரும் வாழ்ந்து, 2001 டிசம்பரில் தமது 86 ஆவது வயதில், இதயத்துடன் தொடர்பற்ற புற்றுநோயினால் இறந்தார். அவரது இதயம் மீது நடத்தப்பட்ட அந்தப் பரிசோதனை, 31 ஆண்டுகளின் பின்னர் கல்கத்தாவில் வழமையான சிகிச்சையாக அன்னை தெரேசாவுக்குக் கிடைத்தது.

அச்சிகிச்சை அவருக்கு எதனை வழங்கியது என்பதற்கு அடுத்துவந்த ஆண்டுகளே சாட்சி. 1990 இல் உடல்நிலை காரணமாகச் சபைத் தலைமையைத் துறக்க அவர் முன்வந்தார். பாப்பரசரும் அதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரில் கூடிய சகோதரிகள் 80 வயதான அவரையே மீண்டும் தெரிவுசெய்தனர். 1991 இல், தாயின் கல்லறையை மட்டுமே காண முடிந்த அதே டிரானா நகரில் தமது இல்லத்தை அவர் திறந்துவைத்தார். வளைகுடாப் போரினால் சிதைந்திருந்த பக்தாத்துக்கும் அவ்வாண்டில் சென்றார். அவர் 1997 இல் மறைந்தபோது சபையில் ஏறத்தாழ 4,000 சகோதரிகள் இருந்தனர். 120 இற்கும் மேற்பட்ட நாடுகளில் 600 இற்கும் அதிகமான பணித்தளங்கள் இயங்கின. 1989 இலேயே அவரது வயதைக் காட்டிச் சிகிச்சையைக் கைவிட்டிருந்தால் இவற்றில் ஒரு பகுதி அவரது கண்முன் நிகழ்ந்திராது.

அதேவேளை, அக்கருவி எதனைச் செய்யாது என்பதையும் அவரது வாழ்வே கற்பிக்கின்றது. பேஸ்மேக்கர் துடிப்பின் நேரத்தைக் காக்குமேயன்றி, அடைபட்ட குருதிக்குழாயைத் திறக்காது. பலமிழந்த இதயத் தசையைப் புதிதாக்கவும் மாட்டாது. 1991 இன் இறுதியில் மெக்சிக்கோவில் நிமோனியாவினால் பாதிக்கப்பட்ட அவர், அமெரிக்காவில் இதயக் குருதிக்குழாய்ச் சிகிச்சையும் பெற நேர்ந்தது. 1993 இல் மலேரியாவுடன் இதயக் கோளாறும் சேர்ந்துகொண்டது. 1996 இல் விழுந்து காறையெலும்பு முறிந்தது. அவ்வாண்டிலேயே மீண்டும் மலேரியா, இதயச் செயலிழப்பு, மற்றுமொரு குருதிக்குழாய்ச் சிகிச்சை எனத் துன்பங்கள் அடுக்கடுக்காக வந்தன. 1997 மார்ச்சில் சகோதரி நிர்மலாவிடம் பொறுப்பு கையளிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி இரவு, கல்கத்தாவின் தாய் இல்லத்தில் அவர் காலமானார். துடிப்பு சீராக்கப்பட்டாலும் இதயத்தின் ஏனைய நோய்களுக்கு மருந்தும் கண்காணிப்பும் இறுதிவரை தேவை என்பதே இதன் பாடமாகும்.

அன்னை தெரேசா மீது முன்வைக்கப்பட்ட கண்டனமொன்றையும் இங்கு மறைப்பதற்கில்லை. அவரது இல்லங்களில் இருந்த வறியவர்களுக்கு எளிய பராமரிப்பு மட்டுமே கிடைத்தபோது, அவர் மட்டும் சிறந்த வைத்தியசாலைகளில் நவீன சிகிச்சை பெற்றார் என்று விமர்சகர்கள் கேள்வி எழுப்பினர். அவ்வில்லங்கள் வைத்தியசாலைகளாக அமைக்கப்பட்டவை அல்ல, கைவிடப்பட்டவர்கள் தனிமையில் இறக்காதிருப்பதற்கான இடங்களே என்று அவரது ஆதரவாளர்கள் பதிலளித்தனர். அந்த விவாதத்துக்குத் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் அக்கேள்வியின் உள்ளே மறுக்கமுடியாத நியாயம் ஒன்று உண்டு. உலகம் போற்றிய மூதாட்டிக்கு எட்டாண்டு வாழ்வைத் தந்த கருவி, பெயரறியாத மூதாட்டிக்கும் எட்டவேண்டும் அல்லவா? அக்கேள்வி இறந்துபோன ஒருவரை விடவும் உயிரோடிருக்கும் நம்மையே அதிகம் நோக்கி நிற்கின்றது.

நமது நாட்டில் 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தோர் சனத்தொகையில் 12.4 சதவீதமாக இருந்தனர். அவ்விகிதம் அதன் பின்னர் மேலும் உயர்ந்துள்ளது. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறாகும். ஆயினும் 2022 இன் பொருளாதார நெருக்கடி மருந்துகளையும் இறக்குமதியாகும் மருத்துவ உபகரணங்களையும் எவ்வளவு அரிதாக்கியது என்பதை நாம் கண்டோம். தூரமும் ஒரு தடையே. திருக்கோவிலிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு 70 கிலோமீற்றருக்கும் அதிகமான பயணம். பொத்துவில் பக்கத்துக் கிராமங்களுக்கு அது மேலும் நீள்கின்றது. துணைக்கு வர ஒருவரும் இல்லாத முதியவர், ஒருநாள் கூலியை இழக்க முடியாத மகன், பிள்ளைகள் மத்திய கிழக்கில் இருக்கத் தனித்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்குக் கட்டணமில்லாச் சிகிச்சையும் கைக்கெட்டாமல் போய்விடலாம்.

ஆனால் முதற்படி தொலைவில் இல்லை. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுவது எவராலும் இயலும். ஈ.சி.ஜி. பரிசோதனை வலியற்றது. சில நிமிடங்களில் முடிவது. திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய இடங்களின் வைத்தியசாலைகளை நாடி அதனைச் செய்துகொள்ளலாம். விட்டுவிட்டு வரும் கோளாறுகளை ஒரு தடவை எடுக்கும் ஈ.சி.ஜி. காட்டாமல் விடுவதும் உண்டு. அத்தகையோருக்கு 24 மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனை தேவைப்படும். மயங்கி விழுந்தவருக்குத் திருநீறு பூசுவதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் அவரவர் நம்பிக்கை. அதனுடன் அன்றைய தினமே ஓர் ஈ.சி.ஜி.யும் எடுக்கப்பட வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

துடிப்பு 60 இற்குக் குறைந்தவுடன் அச்சமடையவும் வேண்டியதில்லை. உறக்கத்திலும், கடும் உடலுழைப்பில் பழகியவர்களிலும் அது குறைவாக இருப்பது இயல்பு. உயர் குருதி அமுக்கத்துக்கும் இதய நோய்க்கும் வழங்கப்படும் அட்டினலோல் போன்ற குளிசைகள், தைரொயிட் சுரப்புக் குறைபாடு, சிறுநீரக நோயினால் குருதியில் பொட்டாசியம் உயர்தல் என்பனவும் துடிப்பை மந்தமாக்கும். அவற்றைச் சரிசெய்தாலே சிலருக்குக் கருவி தேவைப்படாது போகலாம். ஆகவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தாமாகவே குளிசையை நிறுத்துவது ஆபத்தானது. கருவி தேவையா என்பதை நோயாளியின் அறிகுறிகளையும் மின்பதிவையும் கொண்டு இதய வைத்திய நிபுணரே தீர்மானிப்பார்.

கருவி பொருத்தப்பட்டவர்கள் குறித்த தவணைகளில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மின்கலம் பொதுவாகப் பத்தாண்டுகள் அளவில் உழைக்கும். பின்னர் பேழையை மாற்றவேண்டியிருக்கும். கையடக்கத் தொலைபேசியைக் கருவி உள்ள பக்கத்துச் சட்டைப்பையில் வைக்காதிருப்பது நல்லது. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னர் கருவி இருப்பதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அந்நபர் இறந்து பூதவுடல் தகனம் செய்யப்படுமாயின், மின்கலம் வெப்பத்தில் வெடிக்கக்கூடும் என்பதால் கருவியை முன்கூட்டியே அகற்றுவது அவசியம்.

இறந்தவர்களிடமிருந்து அகற்றப்பட்டு, முறையாகச் சுத்திகரித்துப் பரிசோதிக்கப்பட்ட கருவிகளை வறியவர்களுக்கு வழங்கும் முயற்சியும் உலகில் நடைபெறுகின்றது. மும்பையில் வசதியற்ற 53 நோயாளர்களுக்கு அவ்வாறு பொருத்தப்பட்ட கருவிகள் பாதுகாப்பாக இயங்கியமை 2011 இல் வெளியான ஆய்வறிக்கையில் பதிவாகியுள்ளது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் பல நாடுகளில் மேற்கொண்ட பரீட்சார்த்த ஆய்வும், இத்தகைய கருவிகள் புதியவற்றுக்குச் சளைத்தவையல்ல என 2024 இல் காட்டியது. நமது சுகாதாரத் துறையினரும் இதன் சாதக பாதகங்களை ஆராய்ந்து பார்க்கலாம்.

அதற்கும் முன்னதாகச் செய்யக்கூடியவை பல உள்ளன. முதியோர் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஒன்றிணைந்து, ஆண்டுக்கொரு தடவையாவது தத்தமது ஊரின் முதியோருக்கு நாடித்துடிப்பும் குருதி அமுக்கமும் பரிசோதிக்கும் முகாம்களை நடத்தலாம். சந்தேகத்துக்குரியவர்களை ஈ.சி.ஜி.க்கு அனுப்பி, மேலதிகச் சிகிச்சைக்குத் தூரப் பயணம் தேவைப்படுவோருக்கு வாகனத்தையும் துணையையும் ஒழுங்குசெய்யலாம். இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. கிழக்கிலேயே இதய சிகிச்சை வசதிகள் மேலும் விரிவாக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை மக்கள் பிரதிநிதிகள் இடையறாது வலியுறுத்த வேண்டும்.

சேரிக்குள் நுழையுமுன் தாதியப் பயிற்சியைத் தேடிச் சென்றவர் அன்னை தெரேசா. வீட்டிலுள்ள முதியவரின் கையைப் பிடித்து நாடியை எண்ணக் கற்றுக்கொள்வதும் அந்த வழியில் வைக்கும் ஓர் அடியே. மயக்கத்தை முதுமையின் மீது பழிபோட்டுக் கடந்துசெல்லும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொரு குடும்பமும் அதன் காரணத்தைத் தேட முன்வருதல் காலத்தின் கட்டாயமாகும்.